சீட்டில் எழுதப்படாத பெயர்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், ஒருநாட் காலை, பருத்தித்துறையில் முத்து என்னும் தமிழ்ப் பணியாளர் தம் எசமானரிடம் ஒரு சிறு பறவையைக் கொண்டுவந்து கொடுத்தார். மங்கிய கபில நிற மார்பும் வெள்ளைத் தொண்டையும் கொண்ட, சிட்டுக்குருவியின் பருமனைத் தாண்டாத ஓர் ஈப்பிடிப்பான் அது. எசமானர் எட்கார் லேயாட் என்னும் ஆங்கிலேயர். இலங்கையில் பிரித்தானிய ஆட்சியின் கீழ் உத்தியோகம் பார்த்தவர். பண்டைய நினிவே நகரின் இடிபாடுகளை அகழ்ந்து புகழ்பெற்ற ஒஸ்ரின் ஹென்றி லேயாட்டின் தம்பி. எட்டு ஆண்டுகளுக்கு மேலாக நமது தீவின் பறவைகளைத் தேடித் திரட்டியவர். முத்து கொண்டுவந்த பறவை விஞ்ஞான உலகம் அதுவரை பெயரிடாத ஒன்று என்பதை அவர் கண்டார். 1854ஆம் ஆண்டில் அதனை வருணித்து வெளியிட்டபோது தம் பணியாளரின் பெயரையே அதற்குச் சூட்டினார். தமது சேகரிப்பிலுள்ள சிறந்த பறவைகள் பலவற்றை முத்துவின் பொறுமையும் வேட்டைத் திறனுமே தமக்குப் பெற்றுத் தந்தன என்றும் எழுதி வைத்தார். இன்றும் அப்பறவை உலகெங்கும் 'மஸ்கிகாப்பா முத்துயி' என்றே வழங்குகின்றது.

அழகான நிகழ்ச்சிதான். ஆனால் அதற்கு ஒரு மறுபக்கமும் உண்டு. பறவை நூல்களிலே இலத்தீன் பெயரோடு ஆங்கிலப் பெயரும் தரப்படுவது வழக்கம். இப்பறவைக்கு நெடுங்காலம் வழங்கிய ஆங்கிலப் பெயர்களில் ஒன்று 'லேயாட்டின் ஈப்பிடிப்பான்' என்பதாகும். முத்துவின் பெயர் இலத்தீனுக்குள் சென்று மறைந்தது. எசமானரின் பெயர் நாவில் நின்றது. பிடித்தவர் ஒருவர், பெயர் பெற்றவர் வேறொருவர் என்ற இந்த நிலை இப்பறவைக்கு மட்டும் உரியதன்று. உயிரினங்களைத் தேடிப் பிடித்து, பதப்படுத்தி, வகைப்படுத்தி, எண்ணிக் கணித்த களவேலையின் வரலாறு முழுவதிலும் இதனை நாம் காணலாம்.

விஞ்ஞான வரலாறு பெரும்பாலும் கொள்கைகளின் வரலாறாகவே நமது வகுப்பறைகளில் கற்பிக்கப்படுகின்றது. லின்னேயஸ் வகைப்படுத்தினார், டார்வின் பரிணாமத்தைக் கண்டார், மாணவன் இவற்றை எழுதிப் புள்ளி பெறுகிறான். ஆனால் வகைப்படுத்துவதற்கு முன்னர் எவரோ ஒருவர் சேற்றில் இறங்க வேண்டும். மரத்தில் ஏற வேண்டும். கடலில் மூழ்க வேண்டும். கொள்கை பிறப்பதற்கு முன்னர் கை வேலை செய்கின்றது. அந்தக் கை எவருடையது என்பதே இக்கட்டுரையில் நாம் எழுப்ப விரும்பும் வினா.

* * *

முதலில் வேலையைப் பார்ப்போம். லேயாட் காலத்தில் பறவையை ஆராய வேண்டுமாயின் அதனைச் சுட வேண்டும். வெப்ப நாடுகளிலே சுட்ட பறவை சில மணி நேரத்துள் அழுகத் தொடங்கிவிடும். ஆகவே அன்றே அதனை உரித்தாக வேண்டும். வயிற்றுப் பக்கம் ஒரு கீறல் கீறி, இறகு கசங்காமலும் குருதி படாமலும் தோலை உடலிலிருந்து கழற்ற வேண்டும். மண்டையோட்டையும், சிறகிலும் காலிலும் உள்ள சில என்புகளையும் மட்டும் விட்டு, தசை முழுவதையும் நீக்க வேண்டும். தோலின் உட்புறத்திற் பூச்சி அரியாதிருக்க ஆசனிக்குச் சவர்க்காரம் பூசி, பஞ்சடைத்து, தைத்து, எறும்பு எட்டாத இடத்தில் உலர்த்த வேண்டும். பட்டாணிக் கடலையளவு தலையுள்ள ஒரு சிறு பறவையை இவ்வாறு கிழியாமல் உரிப்பதற்கு மாதக்கணக்கான பழக்கம் வேண்டும்.

இறுதியாக, உலர்ந்த பறவையின் காலிலே ஒரு சீட்டுக் கட்டப்படும். எங்கே பிடிக்கப்பட்டது, எப்போது பிடிக்கப்பட்டது, யாருடைய சேகரிப்பு என்ற மூன்று செய்திகள் அதில் எழுதப்படும். அற்பமாகத் தோன்றும் இந்தச் சீட்டுத்தான் களவிஞ்ஞானத்தின் உயிர்நாடி. சீட்டற்ற பறவை ஓர் அலங்காரப் பொருள். சீட்டுள்ள பறவை ஒரு சான்று. எவ்வளவு பெரிய மேதையாயினும் சீட்டை அலட்சியம் செய்தவர் தடுமாறினார் என்பதற்கு டார்வினைவிடச் சிறந்த உதாரணம் வேண்டியதில்லை.

டார்வினுக்குப் பறவை உரிக்கக் கற்பித்தவர் ஒரு கறுப்பு மனிதர். ஜோன் எட்மன்ஸ்ரன் என்பது அவர் பெயர். தென் அமெரிக்காவின் டெமராராவில், இன்றைய கயானா நாட்டில், அடிமையாக இருந்து பின்னர் விடுதலை பெற்றவர். அங்கு வந்த சார்ள்ஸ் வோட்டற்றன் என்ற இயற்கையியலாளரிடம் பறவை பதப்படுத்தும் கலையைக் கற்றிருந்தார். ஸ்கொத்லாந்தின் எடின்பரோ நகரில் அத்தொழிலைச் செய்து வாழ்ந்த அவரிடம் 1826ஆம் ஆண்டில், பதினேழு வயது மருத்துவ மாணவராக இருந்த டார்வின், கட்டணம் செலுத்திப் பாடம் கேட்டார். 1831 முதல் 1836 வரை பீகிள் கப்பலில் உலகைச் சுற்றியபோது டார்வினுக்குக் கைகொடுத்தது அந்தக் கல்விதான். இனங்களின் தோற்றத்தைப் பற்றிப் பேசும் எந்தப் பாடநூலில் எட்மன்ஸ்ரனின் பெயரை நம் மாணவர் படித்திருக்கின்றனர்?

1835இல் கலாபகஸ் தீவுகளுக்குச் சென்ற டார்வின் அங்கிருந்த சிறு குருவிகளைத் திரட்டினார். ஆனால் எந்தக் குருவி எந்தத் தீவிற் பிடிக்கப்பட்டது என்று பிரித்து எழுதவில்லை. அருகருகே உள்ள தீவுகள்தாமே என்று எண்ணியிருக்க வேண்டும். 1837இல் இலண்டனில் ஜோன் கூல்ட் என்ற பறவையியலாளர் அக்குருவிகளைப் பரிசோதித்து, அவை ஒன்றுக்கொன்று நெருங்கிய உறவுள்ள பல இனங்கள் என்று கூறியபோதுதான் தீவின் பெயர் எவ்வளவு முக்கியமானது என்பது டார்வினுக்கு விளங்கிற்று. அப்போது அவர் யாரிடம் சென்றார்? கப்பற் தலைவர் பிட்ஸ்ரோயின் சேகரிப்பையும், தம் சொந்த வேலையாளான சிம்ஸ் கொவிங்ரன் தமக்கென வைத்திருந்த பறவைகளையும் நாடினார். அவற்றின் சீட்டுகளில் தீவின் பெயர் இருந்தது. எசமானர் எழுத மறந்ததை வேலையாள் எழுதி வைத்திருந்தார். பரிணாமக் கொள்கையின் மிகப் புகழ்பெற்ற சான்றுகளுள் ஒன்று ஒரு வேலைக்காரரின் ஒழுங்கினால் மீட்கப்பட்டது என்பதை நாம் மறந்துவிடலாகாது.

* * *

டார்வினோடு இணைத்துப் பேசப்படும் அல்பிரட் ரஸ்ஸல் வலஸின் கதை வேறு வகையானது. டார்வின் செல்வந்தர் வீட்டுப் பிள்ளை. 1823இற் பிறந்த வலஸோ வறுமை காரணமாகப் பதினான்கு வயதுக்குள்ளாகவே பள்ளியை விட்டு நீங்கியவர். தமையனோடு சேர்ந்து நில அளவை வேலை செய்தார். அது, உழவர்கள் தலைமுறை தலைமுறையாகப் பொதுவில் ஆண்டுவந்த மேய்ச்சல் நிலங்களை வேலியிட்டுத் தனியாருக்கு உரிமையாக்கிய காலம். அந்த வேலிக்கு அளவுக்கோல் பிடித்த இளைஞர், பிற்காலத்தில் அதனைச் சட்டத்தின் பெயரால் நடந்த கொள்ளையென்றே கண்டித்தார். 1881இல் நிலத்தைத் தேசவுடைமையாக்கக் கோரும் சங்கத்தின் முதற் தலைவரானார்; 1889இல் தம்மை ஒரு சோஷலிஸ்ட் என்று பகிரங்கமாக அறிவித்தார்.

வலஸ் காட்டிற்குச் சென்றது பொழுதுபோக்கிற்காக அன்று, பிழைப்பிற்காக. பிடித்த பூச்சிகளையும் பறவைகளையும் இலண்டனிலிருந்த முகவர் சாமுவேல் ஸ்ரீவன்ஸ் விற்றுக் கொடுப்பார். அப்பணத்தில் அடுத்த பயணம் நடக்கும். 1848 முதல் 1852 வரை அமேசன் நதிப் பகுதியில் உழைத்துச் சேர்த்தவற்றிற் பெரும்பகுதி, நாடு திரும்பும் வழியில் கப்பல் தீப்பற்றி எரிந்தபோது கடலில் அழிந்தது. ஆயினும் அங்கு கற்ற ஒரு பாடம் அழியவில்லை. அமேசன் குரங்குகளைப் பற்றி 1852இன் இறுதியில் அவர் வாசித்த கட்டுரையில் அப்பாடத்தைக் காணலாம். நூதனசாலைச் சீட்டுகளில் 'அமேசன்' என்று மட்டும் எழுதுவது பயனற்றது. நதியின் வடகரையா தென்கரையா என்றும் எழுத வேண்டும். ஏனெனில் ஒரு கரையில் உள்ள குரங்கு மறுகரையில் இல்லை என்று அவர் காட்டினார். நிலத்தை அளந்த கைதான் உயிரினங்களின் எல்லையையும் அளந்தது.

1854 முதல் 1862 வரை வலஸ் மலாயத் தீவுக்கூட்டத்தில் அலைந்தார். பாலித் தீவிலிருந்து லொம்பொக் தீவுக்கு இடையிலுள்ள கடலின் அகலம் 20 முதல் 40 கிலோமீற்றர் வரையே. ஆனால் 1856இல் அதனைக் கடந்தபோது பறவைகள் மாறிவிட்டதை அவர் கண்டார். மேற்கில் ஆசியப் பறவைகள். கிழக்கில் அவுஸ்திரேலியத் தொடர்புள்ள பறவைகள். இன்று 'வலஸ் கோடு' எனப்படும் எல்லை அது. அவ்வெட்டு ஆண்டுகளில் அவர் திரட்டியவை 125,660 மாதிரிகள், அவற்றுள் வண்டினங்கள் 83,200, பறவைகள் 8,050. இவற்றையெல்லாம் ஒரு மனிதர் தனியே பிடித்து, உரித்து, பதப்படுத்தியிருக்க முடியுமா?

முடியாது. 1855ஆம் ஆண்டின் இறுதியில் சரவாக்கில் அலி என்ற மலாய் இளைஞர் சமையல் வேலைக்காக அவரிடம் சேர்ந்தார். வலஸ் அவருக்குச் சுடவும் உரிக்கவும் கற்றுக் கொடுத்தார். விரைவில் அலி அதில் வல்லவராகிப் புதிதாகச் சேர்ந்த வேலையாட்களுக்குத் தாமே ஆசிரியரானார். எட்டாயிரம் பறவைகளிற் பெரும்பகுதி அலியின் கையால் வந்தவை என்று அண்மைக்கால வரலாற்றாசிரியர் கருதுகின்றனர். 1858இல் பச்சான் தீவிலே அலி ஒரு பறவையோடு திரும்பினார். இரு தோள்களிலிருந்தும் நீண்ட வெள்ளைச் சிறகுகள் கொடிபோல எழுந்து நிற்கும், அதுவரை எவரும் வருணித்திராத சொர்க்கப் பறவை அது. அடுத்த ஆண்டில் இலண்டனில் அதற்குப் பெயர் சூட்டப்பட்டது. அலியின் பெயரன்று, வலஸின் பெயர்.

வலஸை நாம் குறைகூறவில்லை. அலியை அவர் தம் நூல்களில் நன்றியோடு நினைவுகூர்ந்தார். 1862இல் பிரியும்போது சிங்கப்பூரில் எடுப்பித்த அலியின் நிழற்படத்தை, 1905இல் வெளியான தம் சுயசரிதையிலும் சேர்த்தார். 1907ஆம் ஆண்டில் தேர்னாத்தே தீவுக்குச் சென்ற தோமஸ் பாபர் என்ற அமெரிக்க விலங்கியலாளரை ஒரு முதியவர் அணுகி, 'அலி வலஸ்' என்று தம்மை அறிமுகம் செய்துகொண்டார் எனப் பின்னர் பாபர் எழுதினார். இதனை நாம் ஊன்றி நோக்க வேண்டும். பறவைக்கு அலியின் பெயர் கிடைக்கவில்லை. ஆனால் அலியோ எசமானரின் பெயரைத் தம் பெயரோடு சேர்த்துக்கொண்டிருந்தார். இது அன்பினாலுமாகலாம், பெருமையினாலுமாகலாம். ஆயினும் இரு மனிதரின் நல்லியல்பினால் மட்டும் ஒரு சமுதாய உறவு மாறிவிடுவதில்லை என்பதை அது காட்டுகின்றது. கூலி கொடுத்தவனுக்கே உழைப்பின் பயன் உரியது என்ற விதி, தோட்டத்திலே தேயிலைக்கு எப்படியோ அப்படியே காட்டிலே பறவைக்கும் பொருந்திற்று.

* * *

இலங்கையின் தாவரவியல் வரலாறும் இதே கதையைத்தான் சொல்கின்றது. 1672இல் ஒல்லாந்த வர்த்தகக் கம்பனியின் வைத்தியராகக் கொழும்புக்கு வந்த போல் ஹேர்மன், சில ஆண்டுகள் இங்கு தங்கிச் செடிகளைத் திரட்டித் தாள்களில் ஒட்டி உலர்தாவரத் தொகுதி ஒன்றை உருவாக்கினார். அது பல கைகள் மாறி, எழுபது ஆண்டுகளின் பின்னர் சுவீடனில் லின்னேயஸின் மேசைக்கு வந்தது. அதனைக் கொண்டு அவர் 1747இல் இலங்கைத் தாவரங்கள் பற்றிய தமது நூலை வெளியிட்டார். இத்தீவில் ஒருபோதும் கால் வைக்காதவர் இத்தீவின் தாவரங்களுக்கு ஒழுங்கு கற்பித்தார். ஹேர்மனோ செடிகளுக்கு இந்நாட்டு மக்கள் வழங்கிய பெயர்களையும் குறித்து வைத்திருந்தார். அப்பெயர்களைச் சொல்லியவர் யாவர்? காட்டுவழி அறிந்தவர்களும் மூலிகை பறித்தவர்களும்தாம். இருமலுக்கு நம் வைத்தியர் கொடுக்கும் ஆடாதோடை, 'ஜஸ்ரீசியா அதாதோடா' என்று இன்றும் லின்னேயஸின் பெயரீட்டிலே வாழ்கின்றது. சொல் எஞ்சியது, சொன்னவர் எஞ்சவில்லை.

இதற்கு மாறான ஒரு நிகழ்ச்சியும் வரலாற்றில் உண்டு. அதனைக் கூறாது விடுவது நேர்மையாகாது. அதே ஒல்லாந்தக் கம்பனியின் மலையாளத் தளபதியாயிருந்த வான் ரீட், 1678 முதல் 1693 வரை பன்னிரண்டு பெருந்தொகுதிகளாக வெளிவந்த 'ஹோர்ட்டஸ் மலபாரிக்கஸ்' என்ற நூலைத் தொகுப்பித்தார். 700க்கு மேற்பட்ட மலையாளத் தாவரங்கள் அதில் வருணிக்கப்பட்டன. அதன் முதற் தொகுதியில் இட்டி அச்சுதன் என்ற ஈழவ வைத்தியரும், ரங்க பட்டர், விநாயக பண்டிதர், அப்பு பட்டர் என்ற கொங்கணி அந்தணர் மூவரும் தத்தம் மொழியிலே அளித்த சான்றுகள் அச்சிடப்பட்டுள்ளன. கோயிலிலும் தெருவிலும் தீண்டாமை கோலோச்சிய காலத்தில், பரம்பரையாக மரங்களையும் மூலிகைகளையும் அறிந்த ஒரு சமூகத்தின் வைத்தியர், அந்தணரோடு சமமாக ஒரு விஞ்ஞான நூலின் வாயிலில் நிற்கின்றார். கம்பனியின் நோக்கம் வர்த்தகமே. ஆயினும் பெயரை எழுதுவது முடியாத காரியமன்று. எழுத வேண்டும் என்று எவரேனும் முடிவுசெய்தாற் போதும் என்பதற்கு அந்த ஏடு சான்று.

மன்னார்க் குடாவில் நடந்ததையும் பார்க்க வேண்டும். முத்துக்குளிப்பு நடைபெறுவதற்கு முன்னர் பார்களைச் சோதிப்பது அரசின் வழக்கம். குளியாட்கள் கயிற்றிற் கட்டிய கல்லின்மேற் காலூன்றி, மூச்சடக்கி, கடலடிக்கு இறங்குவர். குறித்த இடங்களிலிருந்து சிப்பிகளை மாதிரியாக எடுத்து வருவர். அவற்றை அழுகவிட்டு, கழுவி, கிடைத்த முத்துகளை மதிப்பிட்டு, அவ்வாண்டு குளிப்பு நடத்தலாமா என்று முடிவு செய்யப்படும். சிறு பகுதியை எடுத்து முழுமையை மதிப்பிடும் முறையன்றோ இது? இன்று பல்கலைக்கழகங்களில் மாதிரியெடுத்தல் என்று கற்பிக்கப்படும் அம்முறை, வரிக்கணக்கின் தேவைக்காக நம் கடலில் முன்னரே நடைமுறையில் இருந்தது. 1902இல் பேராசிரியர் ஹேட்மன் இங்கிலாந்திலிருந்து வந்து பார்களை ஆராய்ந்தார். 1903 முதல் 1906 வரை ஐந்து தொகுதிகளாக அவரது அறிக்கை வெளிவந்தது. அக்காலத்துக் குளிப்புகளில் சிப்பியில் மூன்றில் இரண்டு பங்கு அரசுக்கு; எஞ்சிய ஒரு பங்கே மூச்சடக்கியவனுக்கும் படகுக்கும். பொருளின் பங்கீடு எவ்வாறோ அவ்வாறே புகழின் பங்கீடும் என்று கூறினால் மிகையாகாது. இல்லை, புகழில் அந்த ஒரு பங்குகூடக் கிடைக்கவில்லை.

தென்னிலங்கையிலும் இதுவே. 1881ஆம் ஆண்டின் இறுதியில் வந்த ஜேர்மானிய விலங்கியலாளர் ஏர்ன்ஸ்ற் ஹெக்கல், வெலிகமையில் தங்கிக் கடல் உயிரிகளைத் திரட்டினார். ரொடியர் என்று ஒதுக்கிவைக்கப்பட்ட சாதியைச் சேர்ந்த சிறுவன் ஒருவன் அவருக்குத் துணையாக இருந்தான். கமமேத என்ற அவன் பெயரை ஹெக்கல் கிரேக்கப் புராணத்தின் 'கனிமீட்' ஆக்கிவிட்டார். ஊர் அவனைத் தீண்டவில்லை. விஞ்ஞானி அவனைத் தம்மோடு வைத்துக்கொண்டார். ஆனால் அவரும் அவனுடைய பெயரை அவனுக்கு விட்டுவைக்கவில்லை.

* * *

எனினும் வரலாறு அங்கேயே நின்றுவிடவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிற் களவேலையின் இயல்பே மாறத் தொடங்கிற்று. அதுவரை 'என்ன இருக்கிறது?' என்று கேட்டவர்கள் 'எவ்வளவு இருக்கிறது?' என்று கேட்கலாயினர். ஜேர்மனியின் கீல் நகரைச் சேர்ந்த விக்ரர் ஹென்சன், கடலில் மிதந்து வாழும் நுண்ணுயிர்களுக்கு 1887இற் 'பிளாங்ரன்' என்று பெயரிட்டு, குறித்த அளவு நீரை வடிக்கும் வலை கொண்டு அவற்றை எண்ணினார். 1890இல் ஹெக்கல் அவரைக் கடுமையாகத் தாக்கினார். கடலில் உயிர்கள் சீராகப் பரந்திருப்பதில்லை. ஆகவே சில வலைவீச்சுகளைக் கொண்டு முழுக்கடலையும் கணிக்கலாகாது என்பது அவர் வாதம். சீரின்மையைப் பற்றி ஹெக்கல் கூறியது மெய்யே. ஆனால் அதற்கு மருந்து எண்ணாமல் விடுவதன்று. இன்னும் பல இடங்களில் முறையாக எண்ணுவதே. விஞ்ஞானம் அவ்வழியிலேயே சென்றது.

1898இல் அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் ரொஸ்கோ பவுண்டும் பிரெடெரிக் கிளெமென்ற்சும் புல்வெளியில் ஐந்து மீற்றர்ச் சதுரங்களை அளந்து, ஒவ்வொன்றிலும் உள்ள செடிகளை ஒன்று விடாமல் எண்ணினர். பல ஆண்டு பழகிய தங்கள் கண் மதிப்பீடு எவ்வளவு பிழையானது என்பதை அவர்களே கண்டு வியந்தனர். கண், பூத்து நிற்பதை நாடுகின்றது. உயர்ந்து நிற்பதைப் பெரிதென்று கொள்கின்றது. தரையோடு தரையாகக் கிடப்பது எண்ணிக்கையில் மிகுந்திருந்தும் கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆகவேதான் சதுரத்தை எங்கே வைப்பது என்பதை ஆராய்ச்சியாளனின் விருப்பத்துக்கு விடாமல், வெளியைக் கட்டங்களாகப் பிரித்துத் திருவுளச்சீட்டுப் போல எண்களை எடுத்துத் தீர்மானிக்கின்றனர். புல்வெளிக்கு மட்டுமா இப்பாடம்? சமுதாயத்தை நோக்கும் கண்ணும் அப்படியே உயர்ந்து நிற்பவரைத்தானே பார்க்கின்றது?

ஓடுவதையும் நீந்துவதையும் எவ்வாறு எண்ணுவது? 1896இல் டென்மார்க் கடலியலாளர் பீற்றர்சன் மீன்களுக்கு அடையாளமிட்டு விடுவித்து மீண்டும் பிடித்தார். அம்முறையின் தருக்கம் எளியது. ஒரு குளத்தில் 60 மீன்களைப் பிடித்து அடையாளமிட்டு விடுகின்றோம். சில நாட்களின் பின் 80 மீன்களைப் பிடிக்கும்போது அவற்றில் 12 அடையாளமுள்ளவை. அதாவது நூற்றுக்குப் பதினைந்து. ஆகவே முதலில் அடையாளமிட்ட 60 மீன்களும் குளத்து மீன்களில் நூற்றுக்குப் பதினைந்தாக இருக்க வேண்டும். குளத்தில் ஏறத்தாழ 400 மீன்கள். அடையாளம் கழன்றுவிடாமலும், மீன்கள் நன்கு கலந்தும், இடைக்காலத்தில் குளத்துக்கு வரத்தோ போக்கோ இல்லாமலும் இருந்தாலே இக்கணக்குச் சரியாகும். எந்த நிபந்தனையில் உண்மை என்று சொல்லாத எண் பொய்யாகிவிடும்.

1899இல் அதே டென்மார்க்கின் விபோர்க் நகரில் மோட்டன்சன் என்ற பள்ளி ஆசிரியர், 165 மைனாவினப் பறவைகளின் காலில் எண்ணும் ஊர்ப்பெயரும் பொறித்த மெல்லிய அலுமினிய வளையங்களைப் பூட்டிப் பறக்கவிட்டார். இறந்த பறவையின் காலிற் கட்டிய சீட்டு, உயிருள்ள பறவையின் காலுக்கு வந்துவிட்டது. வளையமிட்ட பறவையை எங்கோ ஓர் உழவரோ மீனவரோ கண்டெடுத்துக் கடிதம் எழுதினாலன்றி அந்த ஆராய்ச்சி நிறைவேறாது. செல்வமோ வேலையாட் படையோ இல்லாத ஓர் ஆசிரியர், முகம் அறியாத பாமர மக்களைப் பங்காளிகளாகக் கொண்டு, பறவைகளின் வலசைப் பாதையைத் தேடத் தொடங்கினார். களவிஞ்ஞானம் சனநாயகத்தை நோக்கி எடுத்துவைத்த பெரும் அடி இது என நாம் கருதுகின்றோம்.

பறவையைக் காயப்படுத்தாது பிடிப்பதற்கு இன்று உலகெங்கும் பயன்படும் மெல்லிய 'மூடுபனி வலை' எங்கிருந்து வந்தது? ஜப்பானிய வேடர்கள் தலைமுறைகளாகக் கையாண்ட வலையே அது. இரண்டாம் உலகப் போரின் பின்னரே மேலைநாட்டுப் பறவையியலாளர் அதனைப் பரவலாக ஏற்றனர். இந்தியாவில் வளையமிடும் பணிக்குத் துணைநின்றோர் பீகாரின் மீர்ஷிகார் என்ற பரம்பரைப் பறவை பிடிப்போர். தமிழகத்தின் இருளர் சமூகத்தவர் மண்ணிற் படிந்த சிறு தடத்தைக் கொண்டே பாம்பின் இனத்தையும் போன திசையையும் சொல்லவல்லவர்கள். ஒரு காலத்திற் பாம்புத் தோலுக்காக இடைத்தரகரால் சுரண்டப்பட்ட அவர்கள், தோல் வாணிபம் தடைசெய்யப்பட்ட பின்னர் 1978இற் கூட்டுறவுச் சங்கம் அமைத்து, நச்சுமுறி மருந்துக்காகப் பாம்பின் நஞ்சைச் சேகரித்து, பாம்பைக் கொல்லாது மீண்டும் காட்டில் விடுகின்றனர். அவர்களுள் மாசி சடையன், வடிவேல் கோபால் ஆகிய இருவரை 2017இல் அமெரிக்காவின் புளோரிடாவுக்கு அழைத்தனர். அங்கு பெருகிவிட்ட மலைப்பாம்புகளை அவர்கள் தேடிப் பிடித்துக் காட்டினர். 2023இல் இருவருக்கும் பத்மஶ்ரீ விருது அளிக்கப்பட்டது. இட்டி அச்சுதனுக்குப் பின் மூன்றரை நூற்றாண்டு கழித்து, பெயர்கள் மீண்டும் ஏட்டில் ஏறின.

* * *

இங்கே ஒரு மறுப்பு எழக்கூடும். பறவையைச் சுட்டவரும் அதன் பொருளை உணர்ந்தவரும் ஒருவரா? வலஸ் கோட்டை அலி கண்டாரா? இல்லை, நாம் அவ்வாறு கூறவில்லை. இரண்டு தீவுகளின் பறவைகளை ஒப்பிட்டு அதிலிருந்து பூமியின் வரலாற்றை ஊகித்த சிந்தனை வலஸினுடையதே. மரபறிவு என்று வந்ததையெல்லாம் விஞ்ஞானம் என்று போற்றுவதும் நமது வழியன்று. சோதனைக்கு உட்படாத எந்த அறிவும், அது வேடனுடையதாயினும் பேராசிரியருடையதாயினும், அறிவாகாது. ஆனால் சிந்திக்கும் வாய்ப்பு ஏன் ஒருவருக்கு மட்டும் கிடைத்தது என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு. வலஸுக்கு எழுத்தறிவும் தொழிலாளர் நூலகங்களும் கிடைத்தன. அதனால் நில அளவையாளர் விஞ்ஞானியானார். முத்துவுக்கும் அலிக்கும் கமமேதவுக்கும் அவை கிடைத்திருந்தால்?

இன்று இரகசியக் கமராக்கள் இரவில் சிறுத்தையைப் படம் பிடிக்கின்றன. ஒரு குவளை ஆற்று நீரிற் கரைந்துள்ள மரபணுத் துணுக்குகளைக் கொண்டு அங்கு வாழும் மீன்களை அறிகின்றனர். ஆனால் கமராவை எந்த மரத்திற் கட்டுவது என்று சொல்பவர் இன்னமும் காட்டோரத்துக் கிராமவாசிதான். நீரை மொண்டுவர ஆற்றில் இறங்குபவருக்கு இன்னமும் நாட்கூலிதான். ஆய்வுக் கட்டுரையின் முடிவில் 'கள உதவியாளருக்கு நன்றி' என்று பெயரில்லாத ஒரு வரி.

ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் நாம் கூற விரும்புவது எளிய ஒன்று. வகுப்பை விட்டுக் குளக்கரைக்கும் கடற்கரைக்கும் செல்லுங்கள். ஒரு மீற்றர்ச் சட்டத்தைப் பலகையாற் செய்து புல்லை எண்ணுங்கள்; அதற்குப் பெருஞ் செலவு இல்லை. எண்ணியதைச் சீட்டில் எழுதும்போது இடத்தையும் நாளையும் உங்கள் பெயரையும் எழுதுங்கள். அதன்பின் நான்காவது வரி ஒன்றைச் சேருங்கள்: எந்த மீனவர் அந்தச் சிப்பியைக் காட்டினார், எந்தப் பாட்டி அந்தச் செடியின் பெயரைச் சொன்னார், எந்தக் கூலியாள் அந்தக் கூட்டை முதலிற் கண்டார் என்பதை முழுப்பெயரோடு எழுதுங்கள். இது தயவன்று; சான்றின் ஒரு பகுதி. யார் கண்டது என்று தெரியாத செய்தி, எங்கே கண்டது என்று தெரியாத பறவையைப் போலவே குறையுடையது.

வடகிழக்கு இந்தியாவிலும் மியன்மாரிலும் சீனத்தின் தென்பகுதியிலும் கூடு கட்டும் ஒரு சிறு பறவை, ஆண்டுதோறும் குளிர்காலத்தில் தென்னிந்தியாவுக்கும் நமது தீவுக்கும் வந்து, மர நிழலில் ஈப்பிடித்துத் திரிகின்றது. அது எவருடைய பறவையென்று நம் பிள்ளைகள் கேட்டால், எசமானரின் பெயரைச் சொல்லாதீர்கள். பருத்தித்துறை முத்துவின் பறவை என்று சொல்லிக் கொடுங்கள்.